ஆறு பேருக்கு ஒருவர்

ராஜபாளையம்
4 மே 2025

அன்புள்ள வேதசிரோமணி மாமாவுக்கு,

பிரிஸ்கில்லா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். அம்மாவுக்குச் சர்க்கரை ஏறி இறங்குகிறது, வலது கால் புண் இன்னும் ஆறவில்லை. உங்கள் காதும் தங்கபாய் அத்தையின் முழங்காலும் எப்படி இருக்கின்றன? போனில் நான் கத்தினால் எங்கள் தெருவே எட்டிப் பார்க்கிறது, உங்களுக்கு மட்டும் கேட்பதில்லை. ஜோயல் அண்ணன் கல்யாணப் பந்தியில் அப்பாவோடு போட்ட சண்டைக்குப் பிறகு நீங்கள் எங்கள் வாசலை மிதிப்பதும் இல்லை. அதனால்தான் பதினொரு கிலோமீட்டருக்கு ஸ்டாம்பு ஒட்டுகிறேன்.

விஷயம் இதுதான். பேண்டேஜ் துணி மில்லின் பரிசோதனைக் கூடத்தில் நான்கு வருடம் ஓடிவிட்டது. எங்கள் பிரிவில் நாற்பத்து மூன்று பெண்கள். பத்தொன்பது பேருக்கு விடாத இருமல். பஞ்சுத் தூசிதான் காரணம் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. நான் எண்ணினேன். எண்ணியதை எழுதி மேனேஜரிடம் கொண்டுபோனேன். "நீ என்ன டாக்டரா?" என்று கேட்டுவிட்டு அந்தத் தாளின் மேலேயே டீ கிளாஸை வைத்தார்.

அந்த மனிதருக்குப் பதில் சொல்ல ஒரு படிப்பு வேண்டும் மாமா. பொதுச் சுகாதாரத்தில் முதுகலை, இரண்டு வருடம். மூன்று இடம் பார்த்திருக்கிறேன். ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள் என்பதை வைத்து ஒப்பிடலாமென்று யோசனை. சென்னை அரசு நிறுவனத்தில் பதினான்கு பேருக்கு ஒருவர். கோயம்புத்தூர் தனியார் கல்லூரியில் ஒன்பது பேருக்கு ஒருவர். உங்கள் ஊரிலிருந்து மகாராஜபுரம் போகிற வழியில் இருக்கும் பொன்வயல் பொதுச் சுகாதாரக் கல்லூரியில் ஆறே ஆறு பேருக்கு ஒருவர்! மூன்று கல்லூரிகளின் விளக்கப் புத்தகங்களையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

சேத்தூர் வட்டாரத்தின் காய்ச்சலையும் பிரசவத்தையும் முப்பத்து நான்கு வருடம் எண்ணிய அரசுப் புள்ளியியலாளர் நீங்கள். நீங்கள் சொல்லும் இடத்தில் சேருவேன். வேலையை ஒருமுறைதான் விட முடியும். தப்பான இடத்தில் விழுந்தால் மில்லில் திரும்பச் சேர்க்கமாட்டார்கள்.

அத்தைக்கு என் அன்பு.

உங்கள் மருமகள்,
பிரிஸ்கில்லா

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
12 மே 2025

மருமகளே, மில்லை ஆட்டிவைக்கப் பிறந்தவளே, பிரிஸ்கில்லா!

ஒன்றே முக்கால் அறை கொண்ட தன் அரண்மனையிலிருந்து வேதசிரோமணிச் சக்கரவர்த்தி அனுப்பும் ஆசீர்வாதம். என் வலது காது பூரண ஓய்வு பெற்றுவிட்டது, இடது காது பகுதி நேரமாக வந்துபோகிறது. உன் அத்தை எழுந்திருக்கும்போது முழங்கால் போடும் சத்தத்தில் எதிர்வீட்டு நாய் மூன்று தெரு தாண்டி ஓடிவிட்டது, இன்னும் திரும்பவில்லை. உன் அம்மா இன்பத்தைச் செருப்பில்லாமல் நடக்க வேண்டாமென்று சொல். உன் அப்பாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

பத்தொன்பது பேர் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை உன் அத்தைக்கு நாலு தடவை வாசித்துக் காட்டினேன். "சரி, ஒரு தடவ வாசிச்சா எனக்குக் கேக்கும், காது போனது ஒங்களுக்குத்தான்" என்றாள். உன் தாளின் மேல் டீ கிளாஸ் வைத்தவனின் வம்சத்தில் பதினாறு தலைமுறைக்கு டீ திரிந்துபோகக் கடவது.

விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கல்லூரிக்காரர்கள் வழவழத் தாளில் அச்சடிக்கும் விகிதங்களைப் பார்த்தால் எனக்குக் குமட்டுகிறது. விகிதம் என்றால் இரண்டு எண்கள். மாணவர் எண்ணிக்கையில் கை வைக்க முடியாது, ஒவ்வொரு தலைக்கும் ரசீது இருக்கிறது. ஆசிரியர் எண்ணிக்கையைத்தான் தோசை மாவில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி பெருக்குவார்கள். கோயம்புத்தூர்க்காரர்களின் படத்தைப் பார். நூலகர் நிற்கிறார், விளையாட்டு வாத்தியார் நிற்கிறார், போட்டோ எடுக்க வந்தவரின் தம்பியும் நிற்கிறார் என்று ஆலயத்தில் வந்து சத்தியம் செய்வேன். அதை எடுத்துக் குப்பையில் போடு. குப்பைக்கும் மரியாதை உண்டு, யோசித்துப் போடு.

சென்னைக்காரர்கள் பதினான்கு என்று கூச்சப்படாமல் எழுதியிருக்கிறார்கள். அதனாலேயே நம்பலாம். புளுகுகிறவன் பத்துக்கு மேல் புளுகமாட்டான்.

மூன்றாவது கல்லூரியைப் பற்றி எழுத உட்கார்ந்தேன், பேனாவில் மை தீர்ந்துவிட்டது.

உன் உயரம் வளராவிட்டாலும் உன் புகழ் மேற்குமலைக்கு மேலே வளர வாழ்த்தும்,
மாமா

பின்குறிப்பு: அத்தை இந்த வருடம் போட்ட மாங்காய் ஊறுகாயின் காரத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மூடியைத் திறந்ததும் கூரையில் இருந்த பல்லி கீழே விழுந்து, எழுந்து, என்னைப் பார்த்துக் கும்பிட்டது. ஒரு துண்டை நாக்கில் வைத்தேன், என் வலது காது அரை நிமிடம் கேட்டது. எங்கள் ஊர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயில் படிகளை மூச்சு வாங்காமல் ஏறி இறங்கும் தெம்பு வந்தது, நம்மை அங்கே யாரும் கூப்பிடவில்லை என்பதால் உட்கார்ந்துவிட்டேன். ஒரு பாட்டில் உனக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

*

ராஜபாளையம்
19 மே 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். அம்மாவின் புண்ணுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்றுகிறோம். கட்டுகிற துணி எங்கள் மில் துணிதான்.

ஊறுகாய்க்கு மை இருந்தது, பொன்வயலுக்கு இல்லையா?

எனக்கு அந்த மூன்றாவதுதான் முக்கியம். வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம். அம்மாவை இந்தக் காலோடு விட்டுவிட்டுச் சென்னையில் விடுதியில் இருக்க மனசு வரவில்லை. அப்பா டிரஸ்ஸிங் செய்தால் கட்டு முழங்காலில் இருக்கிறது, புண் பாதத்தில் இருக்கிறது. ஆறு பேருக்கு ஓர் ஆசிரியர் என்றால் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் கிடைக்கும். சென்னை நுழைவுத்தேர்வும் எழுதியிருக்கிறேன், முடிவு ஜூனில்.

பக்கத்து ஊரில் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. எழுதுங்கள்.

அன்புடன்,
பிரிஸ்கில்லா

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
30 மே 2025

என் தங்கையின் வயிற்றில் உதித்த பிடிவாதமே!

நலம். இடது காதும் விடுப்பு கேட்கிறது. இன்பத்தின் காலைப் பற்றிப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை, மூன்று தட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

பொன்வயலா? கேள். அங்கே கொசு ஒவ்வொன்றும் கோழிக்குஞ்சு அளவு, கடித்துவிட்டு உட்கார்ந்து சாய்ந்துகொள்ளும். குடிதண்ணீரில் சட்டையை நனைத்தால் நீலம் போட்ட மாதிரி ஆகும். கேண்டீன் சாம்பாரில் ஒரு மாணவன் ஸ்பூனைப் போட்டான், ஸ்பூன் திரும்ப வரவில்லை. கட்டடத்தின் மேற்குச் சுவர் நாளுக்கு ஒரு அங்குலம் மகாராஜபுரத்தை நோக்கி நகர்கிறது, நீ படிப்பை முடிக்கும்போது வத்திராயிருப்புக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அந்த ரோட்டில் காலை எட்டு மணிக்குப் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் பேரப்பிள்ளை எடுத்துவிட்டுத்தான் இறங்குகிறார்கள்.

வேண்டாம் ஏட்டி. மாமா வேண்டாம் என்றால் வேண்டாம். சென்னைக்குப் போ. இன்பத்தை உன் அத்தை வந்து பார்த்துக்கொள்வாள், அவளுக்கும் உன் அப்பாவுக்கும் பேச்சுவார்த்தை உண்டு.

இதற்கு மேல் கேட்காதே.

மாமா

*

ராஜபாளையம்
6 ஜூன் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லோரும் சுகம். அத்தையின் முழங்காலுக்கு எங்கள் மில்லிலிருந்து ஒரு கிரேப் பேண்டேஜ் அனுப்புகிறேன்.

உங்கள் கடிதத்தை மில்லில் தோழிகளுக்கு வாசித்துக் காட்டினேன், சிரித்துச் சிரித்து இருமினார்கள். ஆனால் மாமா, அதில் ஓர் எண்கூட உண்மை இல்லை. "சும்மா சொல்லாத, எம்புட்டுன்னு சொல்லு" என்று எனக்கு எட்டு வயதில் கற்றுக் கொடுத்தது நீங்கள்தான். அதனால் நானே போய்ப் பார்த்தேன்.

தாளாளர் குருசாமி மரியாதையாகப் பேசினார். மேல்மாடியில் வரிசையாகப் பத்து அறைகளைக் காட்டினார். ஒவ்வொரு கதவிலும் பாடத்தின் பெயரோடு 'பேராசிரியர்' என்று பலகை.

"இந்தா பாரும்மா, பத்து பேரு. அறுவது பிள்ளைங்க. கணக்கு சரியா?"

"எல்லா அறையும் பூட்டியிருக்கே சார்?"

"ஃபீல்டுக்குப் போயிருக்காங்க. பொதுச் சுகாதாரம்னா ஊருக்குள்ளதான் இருக்கணும், ரூமுக்குள்ள இருந்தா அது தனிச் சுகாதாரம்லா?"

எனக்கு அது நியாயமாகப் பட்டது. நாலே நாளில் இடம் முடிந்துவிடும் என்றார். இடத்தைப் பிடித்துவைக்க ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளைக் கேட்டார். பத்தாம் வகுப்பிலிருந்து டிகிரி வரை எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். பீரோவில் வைத்துப் பூட்டினார்கள்.

கோபப்படாதீர்கள். சரியான காரணம் ஒன்று இருந்தால் இப்போதாவது சொல்லுங்கள்.

அன்புடன்,
பிரிஸ்கில்லா

*

ராஜபாளையம்
28 ஜூன் 2025

மாமாவுக்கு,

மூன்று வாரமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. உடம்பு சரியில்லையோ என்று பயந்து அத்தைக்குப் போன் செய்தேன். "அவியளுக்கென்ன, நல்லாத்தான் இருக்காவ. பேனாவக் கையில எடுக்காவ, பொறவு கீழ வைக்காவ" என்றார்கள்.

சென்னையில் இடம் கிடைத்துவிட்டது. ஜூலை 25ஆம் தேதி ஒரிஜினல்களோடு நேரில் போக வேண்டும். போகவில்லையென்றால் இடம் அடுத்த ஆளுக்கு.

நேற்று பொன்வயல் இணையதளத்தில் ஆசிரியர் பட்டியலைப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். ஏழாவது பெயர்: முனைவர் ச. வேதசிரோமணி, பேராசிரியர், உயிர்ப்புள்ளியியல். படத்தில் ஜோயல் அண்ணன் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு.

அந்தக் கோட்டு மட்டும்தான் உங்களுடையதா, ஆளும் நீங்கள்தானா?

பிரிஸ்கில்லா

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
2 ஜூலை 2025

மருமகளே,

ஆளும் நான்தான்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடி பார்த்தேன். உலகத்தில் இதுவரை பிறந்த ஓணான்கள் எல்லாம் ஒன்றுகூடி ஒரு முகம் செய்தால் எப்படியிருக்குமோ அப்படியிருந்தது. ஓணான்களாவது பட்டியலில் பெயர் கொடுப்பதில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். நான் ஓய்வுபெற்ற மறு மாதம் குருசாமி ஒரு பொன்னாடையோடு வந்தான். "சார், வருசத்துக்கு ஒரே ஒரு நாள். யுனிவர்சிட்டி ஆய்வுக் குழு வரும். வந்து செத்த நேரம் உக்காந்துட்டுப் போங்க. ஒங்க எம்.எஸ்ஸி. ஒரிஜினல மட்டும் குடுங்க" என்றான். முப்பத்து நான்கு வருடம் என்னை 'கணக்கு' என்றுதான் கூப்பிட்டார்கள். "கணக்கு, அந்த ரிஜிஸ்தர எடு." "கணக்கு, டீ சொல்லு." இவன் வாசலில் நின்றே "பேராசிரியர்" என்றான். பிரிஸ்கில்லா, எனக்குச் செத்துப்போன வலது காதில் அந்த வார்த்தை கேட்டது. கொடுத்துவிட்டேன்.

ஆய்வு நாளன்று எப்படியிருக்கும் தெரியுமா? காலை ஏழு மணிக்கு ஒரு வேன் சந்து சந்தாக வந்து எங்களை அள்ளும். சந்தைக்குக் கோழி ஏற்றுகிற மாதிரிதான், கோழிக்குக் கோட்டு கிடையாது. வருபவர்களில் ஒருவர் பல் வைத்தியர், ஒருவர் ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர், ஒருவர் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். அவரவருக்கு ஒரு பாடம் சொல்வார்கள். போன வருடம் கதவுப் பலகை மாறிவிட்டது, ஜவுளிக்கடைக்காரர் ஒரு பகல் முழுக்கத் தொற்றுநோயியலில் உட்கார்ந்திருந்தார். மத்தியானம் பிரியாணி. சாயங்காலம் அதே வேன். அந்தப் பிரியாணியின் ஏப்பம் எனக்கு இரண்டு வருடமாக நிற்கவில்லை. இது மட்டும் மிகையில்லை.

உண்மையான ஆசிரியர்கள் இரண்டே பேர். அறுபது மாணவர்கள். முப்பது பேருக்கு ஒருவர். அதை மே மாதமே நான் எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தால் "எப்படித் தெரியும் மாமா?" என்று கேட்டிருப்பாய். ஆலயத்தில் அறுப்புப் பண்டிகை ஏலத்தில் இப்போது "பேராசிரியர் ஒரு தரம், பேராசிரியர் ரெண்டு தரம்" என்கிறார்கள். போன வருடம் அந்தக் குரலுக்காகவே எனக்கு ஆகாத பூசணிக்காயை ஏலம் எடுத்தேன். அந்தப் பெயர் போய்விடும் என்றுதான் உனக்குக் கொசுக் கதையும் சாம்பார்க் கதையும் எழுதினேன்.

தூ.

இன்பத்திடம் சொல்லாதே. சர்டிபிகேட்டை உடனே போய் வாங்கு.

மாமா

*

ராஜபாளையம்
8 ஜூலை 2025

பொன்வயலுக்குப் போனேன். அலுவலகத்தில் ஜெயசித்ரா என்பவர் இருக்கிறார். இரண்டு வருடக் கட்டணம் முழுவதையும் கட்டினால்தான் ஒரிஜினல்கள் கிடைக்கும் என்றார். சேரவே இல்லையே என்றேன். "சேந்தாச்சும்மா. இந்தா ஒன் கையெழுத்து" என்று காட்டினார். இடத்தைப் பிடித்துவைக்கும் தாள் என்று நான் போட்ட கையெழுத்து.

வெளியே வரும்போது, "நீ வேதசிரோமணி சார் சொந்தமாமே? அவியகிட்ட சொல்லு, தாளாளர் கேப்பாரு" என்றார். இரக்கப்பட்டுத்தான் சொன்னார். எனக்கு அருவருப்பாக இருந்தது.

இன்னும் பதினேழு நாள் இருக்கிறது. மில்லில் ராஜினாமா கொடுத்துவிட்டேன்.

பிரிஸ்கில்லா

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
18 ஜூலை 2025

மருமகளே,

இந்தக் கடிதத்தை எடுத்துவரும் உன் அத்தையின் கையில் உன் ஒரிஜினல்கள் ஐந்தும் இருக்கின்றன. எண்ணிப் பார்த்து வாங்கு. தபாலில் போட எனக்குத் துணிவில்லை. சென்னைக்குக் கிளம்பு. இன்பத்தின் காலுக்குக் கட்டுப் போட அத்தை வாரத்தில் நான்கு நாள் வருவாள்.

எப்படிக் கிடைத்தது என்று கேட்பாய். இந்தத் தடவை ஊறுகாய் பற்றி எழுதப்போவதில்லை.

உன் கடிதம் வந்த அன்றே குருசாமியைப் போய்ப் பார்த்தேன். மருமகளின் சர்டிபிகேட்டைக் கொடு என்றேன். கிட்டே வந்து, என் இடது காதில் சிரித்துக்கொண்டே சொன்னான். "தாரேன் சார். பதினாறாம் தேதி ஆய்வு. இந்த வருசம் கொஞ்சம் கண்டிசனான ஆளா வாராரு. நீங்க வந்து ஒக்காருங்க, சாயங்காலம் கையில தாரேன்."

என் நாக்கின் நுனியில் ஏழாயிரம் வசவுகள் வரிசை கட்டி நின்றன. ஒன்றைக்கூட அவிழ்க்கவில்லை. "சரி" என்றேன்.

பதினாறாம் தேதி காலையில் உன் அத்தை வாசலில் மறித்தாள். "கோட்ட மாட்டிக்கிட்டு எங்க பொறப்பட்டாச்சு? கல்யாணமா, அடக்கமா?" ரெண்டும் இல்லையென்று வேனில் ஏறினேன்.

ஆய்வுக் குழுவின் தலைவர் பெரிய மனிதர். பலகையைப் பார்க்கவில்லை, பிரியாணியையும் பார்க்கவில்லை. என் அறைக்குள் வந்து, "ஒரு வகுப்பு எடுங்கள், பார்க்கிறேன்" என்றார். குருசாமியின் முகம் நாலு நாள் ஊறிய அப்பளம் ஆகிவிட்டது.

முப்பது பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் புத்தகம் எதுவும் ஞாபகமில்லை. சேத்தூரில் ஒரு தெருவின் கதையைச் சொன்னேன். ரிஜிஸ்தரில் காய்ச்சல் நான்கு என்று இருந்தது. எனக்குச் சந்தேகம். வீடு வீடாகப் போனேன், பதினொரு பேர். மீதி ஏழு பேரும் வயல் வேலைக்குப் போகிற பெண்கள். கூலி போகுமென்று ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. "நம்ம ரிஜிஸ்தர்ல இருக்கிறது காய்ச்சல் வந்தவங்க இல்ல. காய்ச்சலும் வந்து, ஆஸ்பத்திரிக்கும் வந்தவங்க. எண்ணுறதுக்கு முன்னாடி, யாரு இங்க வரலன்னு கேளுங்க" என்றேன். நாற்பது நிமிடம் பேசினேன். முப்பது பேனாக்களும் ஓடிக்கொண்டிருந்தன. என் வாழ்க்கையில் அப்படி நான் பேசியதில்லை, என்னை யாரும் அப்படிக் கேட்டதுமில்லை.

தலைவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இப்படிப்பட்ட ஆசிரியர் இருக்கும் கல்லூரிக்கு இடங்களைக் கூட்டிக் கொடுக்கலாம்" என்று அங்கேயே எழுதினார். அறுபதை நூற்றிருபது ஆக்கச் சொல்லிப் பரிந்துரை. குருசாமி கேட்டிலேயே என் தோளில் கை போட்டான். "இன்னும் பத்து பேரு வேணுமே சார். ஒங்க கூட ரிட்டயர் ஆனவங்க யாராச்சும் இருக்காங்களா?"

வகுப்பு முடிந்ததும் ஒரு பெண் வந்தாள். எனக்குக் காது கேட்காதென்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நோட்டின் ஓரத்தில் எழுதிக் காட்டினாள்: "சார், நாளைக்கும் வருவீங்களா?"

சாயங்காலம் சொன்னபடி உன் சர்டிபிகேட்டைக் கொடுத்தான். யோக்கியன்.

நல்லபடியாகப் போய்ச் சேர்.

மாமா

*

சென்னை
5 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். விடுதிச் சாப்பாடு பழகிவிட்டது. அம்மாவின் புண் சுருங்கி வருவதாக அத்தை சொன்னார்கள். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

25ஆம் தேதி சேர்ந்துவிட்டேன். இங்கே பதினான்கு பேருக்கு ஒருவர் என்பது உண்மைதான், நான் எண்ணிவிட்டேன். கதவுகள் திறந்திருக்கின்றன. முதல் வாரத்திலேயே ஒரு பேராசிரியை என் பத்தொன்பது பேரின் கணக்கை வாங்கிப் பார்த்தார். "மீதி இருபத்து நான்கு பேரில் இருமல் இருந்தும் வேலை போய்விடுமென்று சொல்லாதவர்கள் எத்தனை?" என்று கேட்டார். அடுத்த விடுமுறையில் போய்க் கேட்கப் போகிறேன்.

உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன், வரவில்லை.

நோட்டில் எழுதிக் காட்டிய பெண் கேத்ரின். அவளுடைய அம்மா எங்கள் பிரிவில்தான் வேலை பார்க்கிறார்கள், அந்தப் பத்தொன்பதில் ஒருவர். போன வாரம் கேத்ரின் தன் கல்லூரியைப் பற்றிப் பேச எனக்குப் போன் செய்தாள். "அக்கா, மறுநா ஒம்போதரைக்கே முப்பது பேரும் போயி ஒக்காந்துட்டோம். பன்னெண்டு வரைக்கும் பாத்தோம். சார் வரல" என்றாள். அவர் என் மாமாவா என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

என்னை வெளியே எடுக்க நீங்கள் உட்கார்ந்த நாற்காலியின் பேரில் இப்போது இன்னும் அறுபது பேர் உள்ளே போவார்கள். இந்தக் கணக்கை நான் எப்படிப் போட்டாலும் சரியாக வரவில்லை மாமா. நீங்கள் போட்டுப் பாருங்கள்.

அவள் கேட்டதற்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதவில்லையே.

அன்புடன்,
பிரிஸ்கில்லா

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
20 ஆகஸ்ட் 2025

அனுப்புநர்: ச. வேதசிரோமணி, வட்டார சுகாதாரப் புள்ளியியலாளர் (ஓய்வு), ஸ்ரீவில்லிபுத்தூர்.

பெறுநர்: பல்கலைக்கழகப் பதிவாளர் அவர்கள். ஆய்வுக் குழுத் தலைவர் அவர்கள்.

நகல்: செல்வி பிரிஸ்கில்லா, சென்னை.

ஐயா,

பொன்வயல் பொதுச் சுகாதாரக் கல்லூரியின் ஆசிரியர் பட்டியலில் ஏழாவதாக உள்ள பெயர் என்னுடையது. நான் அங்கே பணிபுரியவில்லை. நான் முனைவர் பட்டம் பெற்றவனும் அல்ல.

2023 முதல் 2025 வரை மூன்று ஆய்வு நாள்களில் மட்டும் அங்கே சென்றேன். மூன்றாவது நாளில் ஒரு வகுப்பு எடுத்தேன். அது தாங்கள் பார்த்த வகுப்பு. அதற்கு முன் அங்கே நான் வகுப்பு எடுத்ததில்லை. அதற்குப் பின்னும் எடுக்கவில்லை.

பட்டியலில் உள்ள பத்துப் பேரில் தினமும் வருபவர்கள் இருவர். மற்ற எட்டுப் பேரில் நான் ஒருவன். மற்றவர்களைப் பற்றி அவர்களே சொல்ல வேண்டும். மாணவர்கள் அறுபது பேர். ஆகவே முப்பது பேருக்கு ஓர் ஆசிரியர். ஆகஸ்ட் 11 முதல் 18 வரை ஐந்து நாள்கள் கல்லூரி வாசலுக்கு எதிரே உள்ள பஸ் நிறுத்தத்தில் காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணி வரை அமர்ந்து எண்ணினேன். 15, 16, 17 தேதிகள் விடுமுறை, அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. நாள்வாரிக் கணக்கை இணைத்துள்ளேன்.

ஜூலை 16ஆம் தேதி நான் அங்கே அமர்ந்ததற்குக் காரணம், என் தங்கை மகளின் சான்றிதழ்களைத் திருப்பித் தருவதாகத் தாளாளர் சொன்னது. அவை திரும்பக் கிடைத்தன. என்னுடைய சான்றிதழ் இன்னும் அவர்களிடமே இருக்கிறது. இந்தக் கடிதத்தால் அது எனக்குக் கிடைக்காமல் போகலாம் என்று அறிவேன். ஓய்வூதியம் பெறும் அரசு ஊழியன் இவ்வாறு பெயர் கொடுத்தது தவறு என்பதையும் அறிவேன். விசாரணைக்கு அழைத்தால் வருகிறேன். எங்கள் ஆலய போதகரிடம் நேற்று நேரில் சென்று, நான் பேராசிரியர் அல்ல என்று தெரிவித்துவிட்டேன்.

நூற்றிருபது இடங்களுக்கான பரிந்துரையை நிறுத்திவைக்குமாறு வேண்டுகிறேன்.

இவற்றுக்குச் சாட்சி ஒன்று உண்டு. அன்று வகுப்பு முடிந்ததும் மாணவி கேத்ரின் தன் நோட்டின் ஓரத்தில், நாளைக்கும் வருவீர்களா என்று எழுதிக் கேட்டார். அதன் கீழே நான் 'வருகிறேன்' என்று எழுதித் தேதியும் போட்டேன். அடுத்த நாள் போகவில்லை. அந்த நோட்டு அவரிடம் இருக்கிறது. கையெழுத்து என்னுடையதுதான்.

இப்படிக்கு,
ச. வேதசிரோமணி